72 நாள் ஆளைக் காணோம்

2024 ஜனவரி 29, திங்கட்கிழமை. பத்து மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஆபிஸ் போய் என் சீட்ல உட்கார்ந்துட்டேன். மேசை பூரா தூசி. காலண்டர் இன்னும் நவம்பரையே காட்டிக்கிட்டு இருந்துச்சு. முளைக்க ஆரம்பிச்ச மொட்டைத் தலையைப் பார்த்துட்டு ரெண்டு பேர் எழுந்து வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்ன ஏதுன்னு யாரும் கேட்கலை. நாக்பூர்லயும் மொட்டைன்னா மொட்டைதான்.

கம்ப்யூட்டரைப் போட்டு, யூசர் ஐடி அடிச்சு, விரலை வச்சேன். "இந்த யூசர் முடக்கப்பட்டுள்ளார். அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும்"னு இங்கிலீஷ்ல ஒரு வரி வந்துச்சு. விரலை வேட்டியில... மன்னிக்கணும், ரெண்டு மாசமா வேட்டியிலயே இருந்த பழக்கம், பேன்ட்ல துடைச்சுட்டு மறுபடி வச்சேன். மறுபடியும் அதே வரி.

நவம்பர் 18 சனிக்கிழமை கடைசியா லாகின் பண்ணினது. அன்னிக்கு ராத்திரி அண்ணன்கிட்ட இருந்து போன். "டேய், அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு, கிளம்பி வா"ன்னார். மயிலாடுதுறை போய்ச் சேர்ந்தவன், ஜனவரி 9 அம்மா போய், பதினாறாம் நாள் காரியம் முடிச்சு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்து இறங்கினேன். கணக்குப் பார்த்தா 72 நாள். எங்க பேங்க்ல 60 நாள் லாகின் பண்ணலைன்னா சிஸ்டம் தானாவே ஐடியை முடக்கிடும்.

ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டேன். ஒரு சின்னப் பையன் குரல். ரொம்ப மரியாதையா, "சார், போர்ட்டல்ல ஒரு டிக்கெட் போட்டுடுங்க"ன்னான். போர்ட்டல்ல நுழையவும் அதே ஐடிதான் தம்பின்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப வேற யாராவது உங்களுக்காகப் போடலாம் சார். உங்க கன்ட்ரோலிங் அதாரிட்டி அப்ரூவ் பண்ணணும்." எங்க கன்ட்ரோலிங் அதாரிட்டி அன்னிக்கு புனேல மீட்டிங்ல இருந்தார்.

சரின்னு உட்கார்ந்திருந்தேன். அட்டென்டன்ஸ் போட முடியலை. எடுத்த லீவைப் பதிய முடியலை. சம்பளச் சீட்டு பார்க்க முடியலை. ஆஸ்பத்திரி பில் ஒரு பை நிறைய கொண்டு வந்திருந்தேன், அதுக்கும் அதே போர்ட்டல்தான். டீ மட்டும் ஐடி இல்லாம கிடைச்சுது.

மத்தியானம் தங்கமணிக்கு போன் பண்ணிச் சொன்னேன். "இருபது வருஷம் உழைச்ச ஆளை ரெண்டு மாசத்துல மறந்துட்டாங்களா? போய் சண்டை போடுங்க"ன்னாங்க. யார்கிட்ட சண்டை போடறது? இந்த விதி வேணும்னு சோனல் ஆபிஸ்ல பக்கம் பக்கமா நோட் எழுதினவங்கள்ல அடியேனும் ஒருத்தன்.

ஏன் எழுதினேன்னு சொல்றதுக்கு ஒரு பழைய கதைக்குப் போகணும்.

2012. விதர்பால ஒரு சின்ன ஊர் பிராஞ்ச். மேனேஜர், நான், இன்னொரு ஆபிசர். அந்த இன்னொருத்தரை எல்லாரும் காகான்னுதான் கூப்பிடுவோம். மராத்தில சித்தப்பான்னு அர்த்தம். ரிடையர் ஆக மூணு வருஷம் இருந்துச்சு. வாயில எப்பவும் கர்ரா. இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு எல்லாம் பிளாஸ்டிக் பேப்பர்ல போட்டுத் தேய்ச்சுக் குடுப்பான். அது அதோட வேலையைக் காட்டிடுச்சு. வாய்ப் புற்றுநோய். மும்பை டாடா மெமோரியல்ல ஆபரேஷன். நாலு மாசம் லீவு.

பேங்க்ல இல்லாதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். எங்க சிஸ்டத்துல எந்தப் பணப் பரிமாற்றமும் ஒரு ஆளா முடிக்க முடியாது. ஒருத்தர் பதியணும், அவர் மேக்கர். இன்னொருத்தர் பார்த்து ஒப்புதல் தரணும், அவர் செக்கர். ரெண்டு ஐடியும் வேற வேறயா இருக்கணும். கிளார்க் போடறதை நாங்க மூணு ஆபிசர்ல ஒருத்தர் பாஸ் பண்ணுவோம். பெரிய தொகைன்னா ஆபிசர் போட்டு இன்னொரு ஆபிசர் பாஸ் பண்ணணும். மூணு பேர்ல ஒருத்தர் லீவு, மேனேஜர் வாரத்துல மூணு நாள் கிராமத்துக்கு பயிர்க் கடன் பார்க்கப் போயிடுவார். மிச்சம் நான் ஒருத்தன். வெளியில பருத்தி விவசாயிங்க வரிசை.

காகாவோட பாஸ்வேர்டு அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில ஒரு துண்டுச்சீட்டுல இருந்துச்சு. பயோமெட்ரிக் எல்லாம் எங்க பிராஞ்ச்சுக்கு அப்ப வரலை.

அப்பவும் விதி இருந்துச்சு. லாங் லீவுல போற ஆளோட ஐடியை மேனேஜர் கையால முடக்கணும். எங்க மேனேஜர் முடக்கலை. நல்ல மனுஷன், அதனாலதான் முடக்கலை. "பாவம், திரும்பி வரும்போது சோனல் ஆபிஸுக்கு லெட்டர் போட்டு ஐடி கேட்டு அலையணுமா, உயிரோட இருக்கட்டும்"னார். ஐடியைத்தான் சொன்னார். ஆனா காகா எப்படி வருவாரோன்னு எல்லாருக்கும் உள்ள இருந்த பயத்துல, அதை முடக்கறது ஏதோ அபசகுனம் மாதிரி பட்டுச்சு. எனக்கும்தான்.

முதல்ல எப்பவாவது. அப்புறம் தினமும். 30 நாளுக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு மாத்தச் சொல்லும். காகா பேர்ல நாங்களே புதுசு வச்சோம். காகா1, காகா2, காகா3... நான் பதிஞ்சதை பக்கத்து கம்ப்யூட்டர்ல காகாவா மாறி நானே பாஸ் பண்ணியிருக்கேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. ஒரு பத்து பன்னெண்டு நாளாவது இருக்கும். கிளார்க்குகளுக்கும் அந்தச் சீட்டு எங்க இருக்குன்னு தெரியும்.

காகா திரும்பி வந்தார். தாடையில பாதி இல்லை. பேச்சு சரியா வராது, எழுதித்தான் காட்டுவார். லட்டு வாங்கிக் கொடுத்தோம், அவரால சாப்பிட முடியாதுங்கறது கூட அப்புறம்தான் உறைச்சுது.

எட்டு மாசம் கழிச்சு ஒரு பாட்டி வந்தாங்க. மக வீட்டோட வேற ஊர்ல இருக்கிறவங்க. பேத்தி கல்யாணத்துக்குப் பணம் எடுக்க பாஸ்புக்கோட வந்திருந்தாங்க. 1,85,000 ரூபாய் சொச்சம் இருக்கணும். நாலாயிரம் இருந்துச்சு.

அது செயல்படாத கணக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல வாடிக்கையாளர் தொடாத கணக்கை அப்படி ஒதுக்கி வைப்போம். திரும்ப உயிர் கொடுக்க ஒருத்தர் பதியணும், ஒரு ஆபிசர் பாஸ் பண்ணணும். எடுத்துப் பார்த்தா அந்தக் கணக்குக்கு உயிர் கொடுத்து, அன்னிக்கே பணத்தையும் எடுத்திருக்கு. பதிஞ்சது ஒரு கிளார்க் ஐடி. பாஸ் பண்ணினது காகாவோட ஐடி. சாயந்திரம் 3.40.

லீவு ரிஜிஸ்டரைத் திருப்பினா அன்னிக்குத்தான் காகாவுக்கு மும்பையில ஆபரேஷன்.

விசாரணைக்கு வந்தவங்க எல்லாரையும் தனித்தனியா கூப்பிட்டாங்க. என் முறை வந்தப்ப, "நீங்க அந்த ஐடியைப் பயன்படுத்தினீங்களா?"ன்னு கேட்டாங்க. "மேனேஜர் சொல்லித்தான் பயன்படுத்தினேன்"னேன். பொய் இல்லை. ஆனா அந்த வாக்கியத்தை எந்த வரிசையில சொன்னேன்னு எனக்குத் தெரியும். மேனேஜர் பேரை முன்னாடி வச்சுட்டு அதுக்குப் பின்னாடி நான் நின்னுக்கிட்டேன்.

காகாவுக்கும் மெமோ வந்துச்சு. பாஸ்வேர்டைப் பாதுகாக்கலைன்னு. சட்டப்படி அது சரிதான், சீட்டு எழுதி வச்சது அவர்தானே. பதிலை அவரே ஹிந்தில கையால எழுதினார். டைப் அடிச்சுக் கொடுக்கச் சொல்லி என்கிட்டதான் வந்தார். அதுல ஒரு வரி: அன்னிக்கு நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தேன், என் ஐடி ஆபிஸ்ல இருந்துச்சு.

டைப் அடிச்சுக் கொடுத்தேன். அவர் என்னை ஒண்ணும் கேட்கலை.

கிளார்க் டிஸ்மிஸ். மேனேஜருக்கு இன்கிரிமென்ட் வெட்டு, வர வேண்டிய புரமோஷனும் போச்சு. காகாவுக்குக் கண்டனம்னு ஒரு பதிவு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணே ஒண்ணு. பாட்டிக்கு பேங்க் பணத்தைக் கொடுத்துடுச்சு. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி கிடைக்கலை.

(நடுவுல ஒரு உபயோகமான விஷயம். வெளியூர்ல இருக்கிற நம்ம ஆளுங்க வீட்டுல எல்லாம் இது இருக்கும், ஊர்ல அப்பா பேர்ல, அம்மா பேர்ல ஒரு பழைய பாஸ்புக். ரெண்டு வருஷம் தொடலைன்னா செயல்படாத கணக்கு. பத்து வருஷம் ஆனா பணம் ரிசர்வ் பேங்க் வச்சிருக்கிற ஒரு நிதிக்குப் போயிடும். அப்படிப் போனாலும் போனதுதான்னு இல்லை, பேங்க்ல கேட்டுத் திரும்ப வாங்கலாம். 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் உத்கம்னு ஒரு தளம் ஆரம்பிச்சுது, அதுல பேரைப் போட்டுத் தேடலாம். 2024 ஏப்ரல்ல இருந்து, செயல்படாத கணக்குல மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு அபராதம் பிடிக்கக் கூடாது, உயிர் கொடுக்கக் காசு கேட்கக் கூடாது. சேமிப்புக் கணக்குக்கு வட்டியும் வந்துக்கிட்டே இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அலமாரியைக் கொஞ்சம் குடைஞ்சு பாருங்க.)

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த ஐடி சமாச்சாரத்துல ஒரு வெறி. சோனல் ஆபிஸ் வந்ததும் யார் யார் ஐடி சும்மா கிடக்குன்னு பட்டியல் எடுத்துப் பார்த்தோம். ரிடையர் ஆனவர், வேலையை விட்டுட்டுப் போனவர், வேற மாநிலத்துக்கு மாத்தலாகி அங்க ஒரு ஐடியும் இங்க ஒரு ஐடியுமா இருக்கிறவர், ரெண்டு வருஷம் முன்னாடி இறந்தே போனவர். எல்லாருக்கும் எதிர்ல "ஆக்டிவ்"னு இருந்துச்சு.

சாஃப்ட்வேர் மக்கள் சிரிக்காதீங்க, உங்க ஆபிஸ்லயும் இருக்கும். 2021 மே மாசம் அமெரிக்காவுல கலோனியல் பைப்லைன்னு ஒரு கம்பெனி, அந்த நாட்டோட கிழக்குப் பக்கத்துக்கே பெட்ரோல் டீசல் கொண்டு போற குழாய், மொத்தமா நின்னு போச்சு. பெட்ரோல் பங்க்ல எல்லாம் கூட்டம். உள்ள புகுந்தவங்க சுவரேறிக் குதிக்கலை. யாரும் பயன்படுத்தாம, ஆனா மூடவும் மூடாம விட்ட ஒரு பழைய வி.பி.என். கணக்கு, அதோட பாஸ்வேர்டு, ரெண்டாவது சரிபார்ப்பு கிடையாது. அதுக்கு அந்தக் கம்பெனி கொடுத்தது 75 பிட்காயின், அன்னிக்கு மதிப்புல 44 லட்சம் டாலர். புழங்கற ஐடியில ஏதாவது தப்பு நடந்தா சொந்தக்காரன் கண்ணுல பட்டுடும். புழங்காத ஐடிக்கு அப்படிப் பார்க்க ஆளே இல்லை, அதான் சங்கடம். கார்டு சம்பந்தப்பட்ட பாதுகாப்பு விதிகள்லயே 90 நாள் சும்மா இருந்தா முடக்கு, இல்லைன்னா நீக்குன்னு இருக்கு.

முடக்கறதா நீக்கறதான்னு கேட்டா, பேங்க்ல முடக்கறதோட நிறுத்திக்கணும்னு நான் சண்டை போடுவேன். ஐடியையே அழிச்சுட்டா, பத்து வருஷம் கழிச்சு ஒரு வவுச்சரை யார் பாஸ் பண்ணினாங்கன்னு கேட்டா காட்டறதுக்கு ஆள் இருக்காது. இறந்தவர் ஐடியும் கதவு சாத்தின வீடு மாதிரி இருக்கட்டும், இடிக்க வேண்டாம்.

நாங்க எழுதின நோட்ல மூணு விஷயம் கேட்டோம். ஒண்ணு, லீவு சாங்ஷன் ஆன அன்னிக்கே ஐடி தூங்கிடணும். ரெண்டு, ஆள் வேலையில சேர்ந்துட்டார்னு பதிஞ்ச உடனே அது தானா முழிச்சுக்கணும். மூணு, எந்தக் காரணமும் தெரியாம 60 நாள் சும்மா இருந்தா முடக்கணும். வந்தது மூணாவது மட்டும். அதுதான் சுலபம். தினமும் ராத்திரி கடைசி லாகின் தேதியைப் பார்த்துக் கழிச்சுக்கிட்டே போனா போதும். மத்த ரெண்டுக்கும் லீவு எழுதற சிஸ்டமும் பேங்க் சிஸ்டமும் ஒண்ணோட ஒண்ணு பேசணும். அதுங்க ரெண்டும் மாமியார் மருமக மாதிரி!

முதலாவது ஒண்ணும் நாங்க கண்டுபிடிச்ச புதுமை இல்லை. முக்கியமான சீட்ல இருக்கிறவங்களை வருஷத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாம, குறைஞ்சது 10 வேலை நாள் சேர்ந்தாப்புல கட்டாய லீவுல அனுப்பணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. 2021 ஜூலைல வந்த உத்தரவுல, அந்த நாள்கள்ல ஆபிஸ் மெயிலைத் தவிர வேலை சம்பந்தப்பட்ட எதையும் தொட முடியாதபடி இருக்கணும்னு எழுதியே இருக்கு. ஆள் இல்லாதப்பதான் ஆள் செஞ்ச தப்பு வெளிய வரும்ங்கற கணக்கு. காகா விஷயத்துல நடந்தது தலைகீழ். அதை எந்தச் சுற்றறிக்கையிலயும் நான் பார்த்ததில்லை. ஆள் இல்லாதப்ப அவர் பேரை யாரும் தொடாம இருக்கறது, பேங்க்குக்கு மட்டும் இல்லை, படுத்திருக்கிற அந்த மனுஷனுக்குத்தான் முதல் பாதுகாப்பு.

ஆனா 60 நாள் விதியால எத்தனை திட்டு வாங்கியிருக்கோம் தெரியுமா? பென்ஷன் பிரிவுல ஒரு அம்மா, அவங்க ஐடிக்கு வருஷத்துல ஒரே மாசம்தான் வேலை, நவம்பர், உயிர்ச் சான்றிதழ். மிச்ச பதினோரு மாசம் அதைத் தொட மாட்டாங்க. நவம்பர் 1 காலையில வெளிய அம்பது பெரியவங்க கைத்தடியோட நிக்கறாங்க, உள்ள ஐடி முடங்கிக் கிடக்கு. உயிரோட இருக்கேன்னு சொல்ல வந்தவங்களைப் பதிய முடியலை, ஏன்னா பதியற ஆள் உயிரோட இருக்கறதா சிஸ்டம் நம்பலை. பிரசவ லீவு முடிச்சு வர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் முதல் நாள் இதே கதைதான். சரி, விதின்னா அப்படித்தான்னு நான் பெரிய மனுஷன் மாதிரி பதில் எழுதியிருக்கேன். என் மேசையில தூசி படியற வரைக்கும்.

சிஸ்டத்துக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு தேதி. ஏன் வரலைங்கறது அதுக்குத் தெரியாது. 2019 ஆகஸ்ட்ல காஷ்மீர்ல இன்டர்நெட்டை நிறுத்தினாங்க இல்லையா, அந்த டிசம்பர்ல அங்க இருக்கிறவங்க பேர் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்புகள்ல இருந்து ஒண்ணு ஒண்ணா "வெளியேறினார்"னு வர ஆரம்பிச்சுது. வெளியூர்ல இருந்த பிள்ளைங்க பதறிப் போச்சு. 120 நாள் கனெக்ஷன் இல்லைன்னா கணக்கு போயிடும், அதான் அவங்க விதி. வர மனசில்லாதவனும் வர முடியாதவனும் அதுக்கு ஒண்ணுதான்.

அன்னிக்கு எனக்கு 3.20க்கு ஐடி திரும்பக் கிடைச்சுது. புனேல இருந்தவர் டீ பிரேக்ல மொபைல்ல அப்ரூவ் பண்ணியிருக்கார். அந்த ஹெல்ப்டெஸ்க் பையனே கூப்பிட்டு, "சார், தற்காலிக பாஸ்வேர்டு அனுப்பியிருக்கேன், உடனே மாத்திடுங்க"ன்னான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "லீவு ஹெல்த் இஷ்யூவா சார்?"னு கேட்டான். அம்மான்னேன். "ஸாரி சார்"னான். உள்ள போனா 412 மெயில். முதல் மெயில் ஜனவரி 18 தேதியிட்டது. தங்கள் ஐடி 60 நாள் பயன்படுத்தப்படாததால் முடக்கப்பட்டுள்ளது என்று எனக்கே தகவல்.

காகா இப்ப வார்தா பக்கம் இருக்கார். தீபாவளிக்கு ஒரு மெசேஜ் வரும். அவருக்கு இந்த 72 நாள் கதையை அனுப்பினேன். "பஹுத் அச்சா"ன்னு பதில் போட்டு, பக்கத்துல கும்பிடற கை. கிண்டலா நிஜமான்னு தெரியலை.

அம்மாவோட போன் என்கிட்டதான் இருக்கு. கிளம்பும்போது அண்ணன் கொடுத்தார், "நீ வச்சுக்கோடா"ன்னு. எங்க குடும்பக் குரூப்புக்கு அம்மாதான் அட்மின். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அதை சார்ஜ்ல போட்டு, ஆன் பண்ணி, வாட்ஸ்அப்பைத் திறந்துட்டு மூடிடுவேன். நம்பருக்கு ரீசார்ஜும் செஞ்சுட்டு வர்றேன். தங்கமணி பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை. என் பொண்ணுதான் போன மாசம் கேட்டா, "அடுத்தவங்க ஐடில லாகின் பண்ணக் கூடாதுன்னு ஆபிஸ்ல எல்லாரையும் திட்டுவேன்னு சொல்வியேப்பா?"

சார்ஜரைப் பிடுங்கிட்டு, டீ போடச் சொன்னேன்.